பத்தியமும் காளானும்

நோய் நீங்கிப் பாயைச் சுருட்டிய மறுநாளே வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கிவிடும். பாட்டி கஞ்சி என்பாள். தாய் முடக்கொத்தான் ரசம் என்பாள். பட்டணத்திலிருந்து வரும் மருமகன் கையில் ஒரு டப்பாவோடு நிற்பான். இக்காலத்தில் அந்த டப்பாவினுள்ளே காளானும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. பொடியாக, வில்லையாக, கோப்பித்தூளோடு கலந்த கலவையாக. 'தொன்றுதொட்டு வந்த மருந்து' என்று மேலே அச்சிட்டிருக்கும். யாருடைய தொன்மை என்பதை மட்டும் அச்சிட மறந்துவிடுவார்கள்.

அது சீனருடைய தொன்மை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஷென்னொங் மருந்து நூல், லிங்ஷி என்னும் காளானை ஆயுள் வளர்க்கும் மேல்வகுப்பு மருந்துகளுள் வைத்து எண்ணியது. நம்மவர் காளானிடம் அத்துணை அன்பு காட்டவில்லை. சரகர் பாம்புக்குடையை அறவே விலக்கினார். ஏனைய குடைகள் இனியவை, குளிர்ச்சியானவை, எளிதில் செரியாதவை, பீனசம் விளைப்பவை என்றார். சுசுருதரோ வைக்கோல், மூங்கில், சாணம், நிலம் என முளைக்கும் இடத்தைக் கொண்டு வகை பிரித்தார். வயிற்றைச் சுத்தி செய்தபின் செரிமானத்தை மீட்கச் சரகர் வகுத்த உணவு வரிசையைப் பாருங்கள்: முதலில் நீர்க்கஞ்சி, அடுத்துக் குழைந்த கஞ்சி, பின் பயற்றுச் சாறு, ஈற்றில் இறைச்சிச் சாறு. காளானுக்கு அங்கே ஆசனமில்லை.

'எளிதில் செரியாது' என்பது வெறும் பழங்கதையன்று. காளானின் உயிரணுச் சுவரில் உள்ள கைற்றின் என்னும் பொருளே நண்டின் ஓட்டிலும் இருக்கிறது. நன்கு வேகாத காளான் மெலிந்த குடலுக்குச் சுமைதான்.

இனி, லிங்ஷியின் புகழுக்கு வருவோம். புற்றுநோயாளருக்கு இக்காளான் தரும் பயனை ஆராய்ந்த கொக்ரேன் தொகுப்பு 2016இல் புதுப்பிக்கப்பட்டது. அதிற் சேர்ந்தவை ஐந்து ஆய்வுகள். நோயாளர் 373 பேர். முதன்மைச் சிகிச்சையாக இதனைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்பதே முடிபு. லிங்ஷிப் பொடியினால் ஈரல் பாதிப்புற்ற ஒரு நிகழ்வை 2004இல் ஹொங்கொங் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். இன்னொரு வேடிக்கை: தஞ்சாவூர்ப் பகுதியில் 1952 முதல் அறியப்பட்ட தென்னை வாடல் நோயை உண்டாக்குவதும் லிங்ஷியின் பேரினமான கனோடெர்மாவே. சீனருக்கு அமுதம், தென்னைக்கு யமன்!

எம் அயலவர் ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்று வீடு திரும்பியவர். புதிய உறுப்பை உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாதபடி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அவர் நாள் தவறாது உண்ணவேண்டும். கடல் கடந்து வந்த உறவினர் அன்போடு கொடுத்த டப்பாவோ எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாகப் பெருமை பேசியது. ஒரு கை அடைத்த கதவை மறு கை திறப்பது போன்றதன்றோ இது? நல்லவேளையாக அவர் மனைவி டப்பாவை மருத்துவரிடம் காட்டினார். மருத்துவர் அதை மேசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். குருதி உறையாதிருக்க மருந்துண்போரும் இவ்வாறு கேட்டறிவது நன்று.

டப்பா ஒருபுறமிருக்க, மழைக்காலத்தில் புற்றோரம் பறித்ததை நோயாளிக்கு ஊட்டுவோரும் கண்டிச் சுற்றுப்புறத்தில் உளர். இடி முழங்கினால் காளான் பிறக்கும் என்பது ஊர்வழக்கு. 1905இல் பேராதனைப் பூங்காவுக்குக் காளானியல் அறிஞராக வந்த தோமஸ் பெட்ச், மறு ஆண்டே புற்றுக் காளான்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். கறையான் தன் புற்றினுள்ளே தோட்டமாக வளர்க்கும் பூஞ்சணமே மழையில் குடை விரிக்கிறது. அது உண்ணத்தக்கது, ஆனால் அருகே முளைத்த வேறொன்று நஞ்சாயிருக்கலாம். வெள்ளிக் கரண்டி கறுத்துக் காட்டிக்கொடுக்கும் என்பது பொய். சில காளான்களின் நஞ்சு கொதிநீரிலும் அழியாது. பறிப்பவரின் பழக்கத்தை நம்பி நோயாளியின் ஈரலைப் பணயம் வைப்பது எனக்கு உடன்பாடன்று.

றப்பர் மரத்தூளும் தவிடும் நிரப்பிய பைகளில் வளரும் சிப்பிக் காளான் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. நூறு கிராமில் புரதம் ஏறத்தாழ மூன்று கிராம், பெரும்பகுதி நீரே. பருப்புக்கு அது ஈடாகாது. ஆயினும் வாய்க்கசப்பு மாறாதவருக்கு அதன் சுவை பசியை எழுப்பும். கஞ்சியும் பயற்றுச் சாறும் ஒத்துக்கொண்டபின், மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நெடுநேரம் வேகவைத்து, முதல்நாட் பகலில் சாற்றை மட்டும் கொடுங்கள். வயிறு முனகாவிட்டால் மறுநாள் இரண்டொரு துண்டு.