மண்புழுவும் நானோ மூலிகையும்

'நானோ'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா குப்பைமேனிக்கும் கோட்டு சூட்டு மாட்டின மாதிரி ஆயிடுது :-) வயித்துப் பூச்சிக்கு நம்ம மூலிகைச் சாறை நானோ துகளாக்கி ஆராய்ச்சி பண்றாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது.

முதல்ல, சோதனை. பார்மசி கல்லூரிகள்ல வழக்கமான முறை என்ன தெரியுமா? மண்புழுவைத் தட்டுல போட்டு, சாறை ஊத்தி, எத்தனை நிமிஷத்துல அசைவு நிக்குது, எப்ப சாகுதுன்னு கணக்கு எடுக்கறது. பக்கத்துத் தட்டுல அல்பெண்டசோல். மண்புழு தோலால மூச்சு விடற ஜீவன், உப்பு பட்டாலே போயிடும். நாக்குப்பூச்சியோ தடிச்ச மேல்தோலோட நம்ம குடலுக்குள்ளயே குடித்தனம் நடத்தற ஆள். ரெண்டும் ஒண்ணா?

அடுத்தது, நானோவோட பெருமையே மருந்தை ரத்தத்துல நல்லா சேர்க்கறதுதான். மூளைக்குள்ள போன நாடாப்புழுவுக்கு அது வேணும். குடல்ல இருக்கற புழுவுக்கு எதுக்கு? அல்பெண்டசோல் ரத்தத்துல கொஞ்சமா சேர்றதே இங்க வசதி.

ஆடுதின்னாப்பாளையை எடுத்துக்குங்க. காலங்காலமா பூச்சிக்குக் கொடுத்தது. அதுல அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கு. அதே இனத்துச் செடி கலந்த இளைக்கற மருந்து சாப்பிட்டு பெல்ஜியத்துல பல பெண்களுக்கு சிறுநீரகம் கெட்டுப்போனது 1993-ல வெளிய வந்தது. புற்றுநோயும் வரும்னு பின்னாடி உறுதியாச்சு. இதை நானோவாக்கி இன்னும் நல்லா உறிஞ்ச வெச்சா என்ன ஆகும்?

அப்போ ஆராய்ச்சியே வேண்டாமா? வேணும். ஆட்டு வயித்துப் புழு பல இடத்துல அல்பெண்டசோல் வகைக்கு மசியறதில்லை. நாளைக்கு நமக்கும் அந்த நிலைமை வரலாம். அதனால மண்புழுவை விட்டுட்டு ஆட்டுக்குப் போங்க. மருந்துக்கு முன்னாடி, பின்னாடி புழுக்கையில எத்தனை முட்டைன்னு எண்ணுங்க. அதோட சிறுநீரகம், ஈரலையும் பாருங்க. அதுல தேறினா மனுஷனுக்கு வரட்டும்.

இதை ஏன் இப்ப சொல்றேன்னா, எங்க பெருங்குடிப் பக்கம் நல்லா படிச்சவங்களே, ஸ்கூல்ல குடுக்கற பூச்சி மாத்திரையை "கெமிக்கல், வாங்காதே"ன்னு பசங்ககிட்ட சொல்லி அனுப்பறாங்க. மழை வந்தா தெருத்தண்ணியும் சாக்கடையும் ஒண்ணாகிற ஊர் இது! 2015-லேர்ந்து பிப்ரவரி 10 தேசிய குடற்புழு நீக்க நாள். ரெண்டு வயசுக்கு மேல 400 மில்லிகிராம், ஒண்ணுலேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் அதுல பாதி. கோடிக்கணக்கான குழந்தைங்க சாப்பிட்டுப் பார்த்தது.

மண்புழுவைக் கொன்ன மருந்தை நம்பி அதை விட்டுடாதீங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?