“வீட்டிலேயே படிக்கட்டும்” என்று சொல்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கப் போகிறது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் இனிப் பின்னேரமானால் இடியும் மழையும்தான். சரிவில் இருக்கிற லயங்களுக்கு “எழும்பிப் போங்க” என்று அறிவித்தல் வரும். குடும்பங்கள் உடுப்பு மூட்டையோடு பாடசாலை மண்டபத்துக்கும் கோயில் மடத்துக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகும். இது நமக்குப் பழகிய கதை. ஆனால் இந்த முறை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் புதுக்கதை ஒன்றும் சேர்ந்து ஓடுகிறது. “பாடசாலை பாடசாலைன்னு ஏன் அடிச்சிக்கிறீங்க? வெளிநாட்டுல பிள்ளைங்க வீட்டுல இருந்துதானே படிக்குதுங்க. மழை முடியிற வரைக்கும் நம்ம பிள்ளைங்களும் வீட்டிலேயே படிக்கட்டும். போன்ல எல்லாம் இருக்கு.” கூடவே ஒரு காணொளி. குளிர்நாட்டில் ஒரு தாய், இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகளைப் பொறுக்கி வந்து மேசையில் பரப்பி, தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அதை வைத்தே கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறார்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் தாயோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்தக் காணொளியைக் கொண்டுவந்து தோட்டத்துப் பிள்ளையின் தலையில் கட்டுகிறவர்களோடுதான் சண்டை. ஆசிரியர்களான நாங்கள் சில கேள்விகள் கேட்கிறோம். பதில் சொல்லுங்கள்.

முதலாவது, எந்த வீடு?

லயத்துக் காம்பிரா 10க்கு 12 அடி. அதற்குள் அடுப்பும் படுக்கையும் சாமிப்படமும் தாத்தாவின் இருமலும். பிள்ளை படிப்பது இஸ்தோப்பில். மழைக் காலத்தில் இஸ்தோப்பில் சாரல். இதுவும் இடம்பெயராத பிள்ளையின் நிலைமைதான். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு அந்தக் காம்பிராவும் இல்லை. வீட்டை விட்டு எழுப்பிய பிள்ளையைப் பார்த்து “வீட்டிலிருந்து படி” என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

இரண்டாவது, யார் படிப்பிப்பது?

காலையில் கொழுந்துக்குப் போகிற அம்மா, பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் திரும்புகிறார். அப்பா கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ. பிறகு யார்? அக்கா. அக்காவுக்கு வயது 13. அவளும் தரம் 8 படிக்க வேண்டிய பிள்ளை. “வீட்டில் படிக்கட்டும்” என்று ஒரு குடும்பத்தில் சொன்னால், தம்பி விளையாடப் போகிறான், அக்கா சோறாக்கப் போகிறாள். நாங்கள் வகுப்பில் பெயர் கூப்பிடுகிறவர்கள். எந்தப் பெயருக்கு முதலில் பதில் வராமல் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அநேகமாக அது ஒரு பெண்பிள்ளையின் பெயர்.

கல்வியியற் கல்லூரியில் மூன்று வருஷம் பயிற்சி எடுத்த எங்களுக்கே, பின்னக் கணக்கு ஒன்றை வகுப்புக்கு விளங்க வைக்க மூச்சு வாங்குகிறது. அதை 13 வயதுப் பிள்ளையும் ஒரு போனும் செய்துவிடும் என்கிறீர்கள்.

போன் கதை என்னவானது என்பதை 2020இலும் 2021இலும் பார்த்துவிட்டோம். கொரோனாவில் பாடசாலைகளை மூடினார்கள். சூம் வகுப்பு, வட்ஸ்அப்பில் செயலட்டை, நேத்ரா தொலைக்காட்சியில் பாடம் என்று எல்லாம் நடந்தது. சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகையில் வந்தன. நாமும் “என்ன ஆர்வம்” என்று பகிர்ந்து பாராட்டினோம். அந்தப் படத்தில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள், டேட்டா போடக் காசில்லை. பாடசாலை திறந்தபோது தரம் 3க்கு வந்த பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்து முழுதாகத் தெரியவில்லை. பிள்ளைகளில் குறையில்லை. அவர்கள் வீட்டில் ஆசிரியர் இல்லை, அவ்வளவுதான்.

“வெளிநாட்டில்” என்று சொல்கிறீர்களே, அதையும் சரியாகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் வேறு வழியில் முழுநேரக் கல்வி கொடுத்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் வீட்டுக் கல்விக்குப் பொதுவாக அனுமதியே இல்லை. நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளால் 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயமானது. 2016இல் அது 16 வயது வரை உயர்ந்தது. பாடநூல், சீருடைத் துணி, ஆரம்பப் பிரிவுக்கு மதிய உணவு எல்லாம் பாடசாலை வழியாகத்தான் பிள்ளையின் கைக்கு வருகிறது. இடாப்பில் பெயர் நின்றுபோனால் இவையும் நின்றுபோகும்.

இனி, “உயிரா படிப்பா டீச்சர்?” என்று கேட்பவர்களுக்கு.

உயிர்தான். சந்தேகமே இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால், யாரும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம். நாங்களும் கூப்பிட மாட்டோம். ஆனால் மலையகத்தில் அபாயம் பாடசாலைப் பாதையில் மட்டும் இல்லை, வீட்டுக் கூரைக்கு மேலேயும் நிற்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2005இலும் 2011இலும் எச்சரித்த இடம் அது. அன்று பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டிலிருந்த பெற்றோரை மண் மூடியது. ஆகவே வீடு என்றால் பாதுகாப்பு, பாடசாலை என்றால் ஆபத்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். தப்பிய குடும்பங்களைப் பக்கத்துப் பாடசாலைகளில் தங்க வைத்தார்கள். பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாற்றினார்கள். புது வீடு கையில் கிடைக்க 2016 ஒக்டோபர் ஆனது. இரண்டு வருஷம். “மழை முடியிற வரைக்கும்” என்கிறீர்களே, இடம்பெயர்ந்த பிள்ளைக்கு மழை முடிய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு இதுதான் கணக்கு. ஒரு பிள்ளைக்கு இரண்டு வருஷம் என்பது தரம் 4 முதல் தரம் 6 வரை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவை யாரும் மறந்திருக்க முடியாது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. ஆனால் அந்தப் பரீட்சையை “வீட்டிலிருந்து எழுதட்டும்” என்று யாரும் சொல்லவில்லை. ஒத்திவைத்து, மண்டபம் தேடி, அதிகாரிகளைப் போட்டு நடத்தினார்கள். பெரிய பரீட்சை என்றால் அரசாங்கம் ஓடுகிறது. தரம் 4 பிள்ளையின் அன்றாடப் படிப்பு என்றால் மட்டும் வீடு போதுமா?

நம் சனத்துக்கு “இது போதும்” என்று சொல்வது இன்று தொடங்கியதல்ல. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 முதல் 10 வயது வரை படிப்பித்தால் போதும் என்றார்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இவ்வளவு பின்தங்கி வந்து சேர்ந்த பாடசாலையை, ஒரு காணொளியைப் பார்த்து நாமே கைவிடுவதா?

எங்கள் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல். மக்காவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த சமூகம்தான் மதீனாவில் இருந்தது. ஹிஜ்ரத் முடிந்து இரண்டாம் வருஷம் பத்ர் யுத்தம். பிடிபட்ட கைதிகளில் பணமில்லாத, எழுதத் தெரிந்தவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன கேட்டார்கள்? மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள், அதுவே விடுதலைக்கு ஈடு என்றார்கள். காசு தேவைப்பட்ட நேரத்திலும் காசுக்குப் பதிலாக ஆசிரியரைக் கேட்ட வரலாறு நம்முடையது. இடம்பெயர்ந்தால் படிப்பு பிறகு என்று நாம் சொல்லலாமா?

சும்மா ஏசிவிட்டுப் போக நாங்கள் எழுதவில்லை. செய்யக்கூடிய காரியங்கள் இவை:

1. அதிபர்களே, இடம்பெயர்ந்து வரும் பிள்ளையை அன்றைக்கே வகுப்பில் உட்கார வையுங்கள். விடுகைப் பத்திரமும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் மண்ணுக்குள் போயிருக்கலாம். அவை பிறகு வரட்டும். சீருடையும் சப்பாத்தும் கேட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள்.

2. வலயக் கல்வி அதிகாரிகளே, முகாம் போட இடம் தேடும்போது பாடசாலையைக் கடைசியாக யோசியுங்கள். வேறு வழியில்லையென்றால் இரண்டு வகுப்பறைகளையாவது பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். எங்களை முகாமுக்கு அனுப்புங்கள், வருகிறோம்.

3. பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகத்தினரே, மழை மாதங்களில் பின்னேரம் இரண்டு மணிநேரம் மண்டபத்தைத் திறந்து விளக்கைப் போடுங்கள். எந்தச் சமயத்துப் பிள்ளை என்று கேட்காதீர்கள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் தம்பி தங்கைகள் நம் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

4. நோயாளிப் பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை என்றால் வீட்டுக்கே வந்து படிப்பிக்கலாம். எங்களிடம் சொல்லுங்கள். ஆசிரியர் வருகிற வீட்டுக் கல்விக்கு நாங்கள் எதிரியல்ல.

5. பெற்றோரே, இடம் மாறப் போகிறீர்கள் என்றால் கிளம்ப முன் வகுப்பாசிரியருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். எந்த ஊர், எந்தப் பாடசாலை பக்கத்தில் என்று சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் பேசுகிறோம். தம்பியைப் பார்க்க அக்காவை நிறுத்தாதீர்கள். பிள்ளைக்காம்பிரா எதற்கு இருக்கிறது? அது மூடியிருந்தால் தோட்ட நிர்வாகத்திடம் சேர்ந்து போய்க் கேட்போம், நாங்களும் வருகிறோம்.

காணொளியில் வருகிற அந்தத் தாய்க்கு மேசை இருக்கிறது, நேரம் இருக்கிறது. அதைவிட, வேண்டாம் என்றால் திரும்பிப் போக ஒரு பாடசாலை இருக்கிறது. நம் பிள்ளை ஒரு தடவை நின்றால், திரும்பி வருவதற்குள் கொழும்புக் கடையொன்று அவனைக் கூப்பிட்டுவிடும். ஆகவே இந்த மழைக்கு மூட்டை கட்டும்போது அரிசி, பால்மா, அடையாள அட்டையோடு பிள்ளையின் புத்தகப் பையையும் எடுத்து வையுங்கள். நீங்கள் எந்த ஊரில் இறங்கினாலும், அந்த ஊர்ப் பாடசாலை வாசலில் உங்கள் பிள்ளைக்கு இடம் கேட்டு நிற்பது எங்கள் வேலை.

உங்கள் தோட்டத்துக் குழுக்களில் பகிர்ந்துவிடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.