ஒரே துறைமுகத்தை நம்பலாமா?

விளைவித்தால் மட்டும் போதாது. விளைந்தது கெடாமல் சந்தை சேர வேண்டும். தமிழகத்துச் சின்ன வெங்காயம் இலங்கைக்கும் போகிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பல் போக்குவரத்தும் அறுபட்டது. 2023 டிசம்பர் பெருமழையில் தூத்துக்குடிச் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. துறைமுகத்துக்குப் போகும் வழி அடைபட்டால் வெங்காயம் மூட்டையிலேயே அழுகும். நட்டம் சிறு விவசாயியின் தலையில்தான் விழும்.

ஆகவே இரு நாடுகளும் கூடிப் பேசி மாற்று வழி வகுப்பது அவசியம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. அதே கடல்வழியில் விளைபொருளுக்கும் இடம் வேண்டும். இரு கரையிலும் குளிர்பதனக் கிடங்கு வேண்டும். பயிர்நோய்ச் சோதனை தாமதமின்றி முடிய வேண்டும். ஒருவர் கிணறு வற்றினால் பக்கத்து வயல்காரர் தண்ணீர் விடுகிறார். துறைமுகங்களுக்கும் அந்த உறவு தேவை.