வழக்கில் சிக்கிய ஆட்டக்காரர்கள்

எடப்பாடி, சங்ககிரி, ஜலகண்டபுரம் முதலிய ஊர்களில் தறிச் சத்தம் ஓய்ந்த வேளையில் வாலிபர்கள் கூடிப் பேசும் விஷயம் பெரும்பாலும் சடுகுடுவாகவோ கிரிக்கெட்டாகவோ இருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. சேலம் ஜில்லாச் சின்னப்பம்பட்டியில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ நடராஜன் 2020 டிசம்பரில் இந்தியாவின் சார்பாக ஆஸ்திரேலிய மண்ணில் பந்து வீசினார். 2023ல் தம் சொந்த ஊரிலேயே ஒரு மைதானத்தையும் அமைத்தார். அதைக் கண்ட பிள்ளைகள், தமக்கும் அந்த வழி திறந்திருக்கிறதென்று நம்புகிறார்கள். அந்த வழியில் ஒரு படுகுழி இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மைதானத்துக்கு வெளியே ஒரு வழக்கில் பெயர் அகப்பட்டுக்கொண்டால் ஆட்டக்காரனின் கதி என்ன? அவனைத் தண்டிக்கும் அதிகாரம் நியாயஸ்தலத்துக்கு மட்டும் உரியதா, அல்லது போர்டும் லீக்கும் தம் பங்குக்கு ஓர் அடி அடிக்கலாமா?

ஆட்டத்தைச் சேர்ந்த குற்றத்தில் போர்டுக்குப் பூரண அதிகாரம் உண்டென்பதை யாரும் மறுக்கவில்லை. 2015ல் ரஞ்சிப் பந்தயத்தில் முதன்முதலாக ஆடியபோது ஸ்ரீ நடராஜன் பந்து வீசும் முறையிலேயே சந்தேகம் கிளப்பப்பட்டது. அவர் அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். அது ஆட்டத்தின் நடுவர்கள் தீர்க்கவேண்டிய விஷயம். பந்தயச் சூதும் அப்படியே. 2013ஆம் வருஷத்து ஊழலில் கைதான ஸ்ரீ ஸ்ரீசாந்தை 2015ல் டில்லி நியாயஸ்தலம் விடுவித்த பின்னும், போர்டார் அவர்மீது விதித்த ஆயுட்காலத் தடையை நீக்கவில்லை. 2019 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டார் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கினர். கிரிமினல் வழக்கு விழுந்துவிட்டதனால் போர்டின் ஒழுங்கு விசாரணையும் விழுந்துவிடாது. ஆனால் தண்டனை குற்றத்தின் அளவுக்குப் பொருத்தமாயிருக்கவேண்டும். பின்னர் அத்தடை ஏழு வருஷமாகக் குறைக்கப்பட்டது. அது முடிவதற்குள் அவருக்கு முப்பத்தேழு வயது கடந்துவிட்டது.

ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாத வழக்கில்தான் சங்கடம் பிறக்கிறது.

இந்தியாவில் நடந்ததை முதலில் பார்ப்போம். 1988 டிசம்பரில் பட்டியாலா வீதியில் நடந்த ஒரு தகராற்றில் அடிபட்ட முதியவர் ஒருவர் இறந்தார். அவ்வழக்கில் ஸ்ரீ நவ்ஜோத் சிங் சித்து எதிரியாகச் சேர்க்கப்பட்டார். வழக்கு நிலுவையிலிருந்த காலமெல்லாம் அவர் இந்தியாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். 1999ல் செஷன்ஸ் கோர்ட்டு விடுதலை செய்தது. 2006ல் ஹைக்கோர்ட்டு மூன்று வருஷச் சிறை விதித்தது. 2018ல் சுப்ரீம் கோர்ட்டு ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு நிறுத்தியது. 2022 மே மாதத்தில் அதே கோர்ட்டு மறுபரிசீலனை செய்து ஒரு வருஷக் கடுங்காவல் விதித்தது. சம்பவத்துக்கும் சிறைவாசலுக்கும் இடையே முப்பத்து மூன்று வருஷங்கள் ஓடிவிட்டன! இதற்கிடையில் அவர் ஐம்பத்தொரு டெஸ்ட் பந்தயங்களை ஆடி முடித்து, பார்லிமெண்டு மெம்பராகவும் மாகாண மந்திரியாகவும் இருந்துவிட்டார். இறந்தவரின் குடும்பத்தார் இத்தனை காலமும் கோர்ட்டுப் படியேறியதை யார் நினைத்தார்கள்?

இதற்கு நேர் விரோதமானது இலங்கையின் கதை. 2022 நவம்பர் 6ந் தேதி, உலகக் கோப்பைப் பந்தயம் முடிந்து தாயகம் திரும்பவிருந்த இலங்கை அணியைச் சேர்ந்த ஸ்ரீ தனுஷ்க குணதிலக்கவை, ஒரு பெண்ணின் புகாரின்மேல் சிட்னி போலீஸார் கைது செய்தனர். இலங்கைக் கிரிக்கெட் போர்டு உடனே அவரை எல்லாவித ஆட்டத்திலிருந்தும் நிறுத்திவைத்தது. முதலில் சாட்டப்பட்ட நான்கு குற்றங்களில் மூன்றை, 2023 மே மாதத்தில் பிராசிக்யூஷன் தரப்பாரே கைவிட்டனர். எஞ்சிய ஒன்றையும் விசாரித்து, செப்டம்பர் மாதத்தில் நீதிபதி அவரை நிரபராதியென்று விடுவித்தார். அக்டோபரில் போர்டு தடையை நீக்கியது. பதினோரு மாத காலம் அந்நிய நாட்டில், பாஸ்போர்ட்டு கைவிட்டுப்போய், வருமானமுமின்றி அவர் கிடந்தார். தடை நீங்கியதும் பழைய இடம் காலியாகக் காத்திருக்குமா?

போர்டு செய்தது தவறென்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடமாட்டோம். அவர் ஆஸ்திரேலியாவில் ஜாமீனில் இருந்தவர், ஆடத்தான் முடியாது. புகார் செய்த பெண்மணிக்கும் ஒரு மானம் உண்டு; எதிரியாக நிற்பவரைத் தேசத்தின் சின்னம் தரித்து மைதானத்தில் நிறுத்தினால், தேசமே அவள் வாயை அடைப்பதாக அவளுக்குத் தோன்றாதா? ஆனால் நிறுத்திவைப்பதும் தண்டிப்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைப் போர்டுகள் வேண்டுமென்றே மறைக்கின்றன என்பதே நமது குற்றச்சாட்டு.

இங்கிலாந்தில் இந்த மயக்கம் இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரத்து வீதிச் சண்டையில் அகப்பட்ட ஸ்ரீ பென் ஸ்டோக்ஸ், ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஷஸ் பந்தயம் ஐந்திலும் சேர்க்கப்படவில்லை. 2018 ஆகஸ்டில் ஜூரிகள் அவரை விடுதலை செய்தனர். அதன் பின் டிசம்பரில், ஆட்டத்துக்கு அவப்பெயர் விளைவித்தாரென்று, எட்டுப் பந்தயத் தடையும் முப்பதினாயிரம் பவுன் அபராதமும் விதித்தார்கள். தடைக்காலம் முன்பே கழிந்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டார்கள்! முதலில் அடைத்துவைத்துவிட்டு, பிறகு குற்றத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு இதைவிட அழகான உதாரணம் வேண்டியதில்லை.

"அவப்பெயர்" என்ற அந்தச் சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. உலகமெங்கும் கிரிக்கெட் விதிகளில் அது காணப்படுகிறது. அதற்கு எல்லை மட்டும் காணப்படுவதில்லை. நன்றாக ஆடுகிறவனின் வழக்கு அவப்பெயராகாமல் போவதும், ஆட்டம் தளர்ந்தவனின் வழக்கு திடீரென்று தேச அவமானமாவதும் இந்த எல்லையின்மையால்தான். விளம்பரம் கொடுக்கும் கம்பெனிக்காரரின் பயத்துக்கு ஒழுக்கமென்று பெயர் சூட்டுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

2018 மார்ச்சில் நமது போர்டு நடந்துகொண்ட விதத்தில் ஓர் அம்சம் பாராட்டத்தக்கது. ஸ்ரீ முகமது ஷமியின்மீது அவருடைய மனைவி புகார் செய்தார். போர்டார் அவருடைய வருஷ ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து, சூது சம்பந்தமான குற்றச்சாட்டை மட்டும் தங்கள் ஊழல் தடுப்பு இலாகாவைக் கொண்டு விசாரித்தனர். அதில் ஆதாரமில்லையென்று கண்டதும், சில வாரங்களுக்குள் ஒப்பந்தத்தை அளித்தனர். குடும்ப வழக்கை நியாயஸ்தலத்துக்கு விட்டுவிட்டனர். முதலில் ஒப்பந்தத்தை நிறுத்திய அவசரம் நமக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் தங்கள் எல்லை எதுவென்று கடைசியில் உணர்ந்தார்கள்.

இதற்கொரு நிரந்தர விதி வேண்டாமா? வேண்டும், அதைப் புதிதாகத் தேட வேண்டியதுமில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தன் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், அவன் சஸ்பெண்டு செய்யப்பட்டவனாகக் கருதப்படுகிறான். அக்காலத்தில் ஜீவனாம்சப் படி பெறுகிறான். அது தண்டனையல்லவென்று சட்டமே சொல்கிறது. 2021 மே மாதத்தில் மல்யுத்த வீரர் ஸ்ரீ சுசீல் குமார் ஒரு கொலை வழக்கில் கைதானபோது, வடக்கு ரயில்வேயார் அவரை உத்தியோகத்திலிருந்து நிறுத்திவைத்தார்கள். இரண்டு ஒலிம்பிக்ஸ் பதக்கங்கள் பெற்றவரென்று சலுகை காட்டவுமில்லை. வழக்கு முடிவதற்கு முன் கொலைகாரரென்று முத்திரை குத்தவுமில்லை. குமாஸ்தாவுக்கு உள்ள விதியே வீரருக்கும். இந்த விதியை லீக்குகள் ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது?

நம் நாட்டில் வழக்கு முடிய முப்பது வருஷம் ஆகலாம். ஆட்டக்காரனின் ஆயுளோ பத்து வருஷம் என்று நண்பர்கள் ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபமே. அதற்கும் விடை இருக்கிறது. 2015ல் அஜய் குமார் சௌதரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், மூன்று மாதத்துக்குள் குற்றப்பத்திரிகை கொடுக்காவிட்டால் சஸ்பென்ஷனை நீடிக்கக்கூடாதென்றும், கொடுத்தபின் நீடிப்பதானால் காரணம் எழுதவேண்டுமென்றும் கூறினர். விளையாட்டுக்கும் அதே கெடு இருக்கட்டும். குற்றம் கடுமையானதா, ஆட்டக்காரன் வெளியிலிருந்தால் சாட்சிகளுக்கு ஆபத்தா, புகார் செய்தவர் அதே அணியிலோ முகாமிலோ இருப்பவரா என்பவற்றை ஆராய்ந்து காரணத்தோடு உத்தரவு போடட்டும். வெறும் முதல் தகவல் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவனை வீட்டுக்கு அனுப்புவதை நாம் ஒருகாலும் ஆதரிக்கமாட்டோம். வாய்க்கால் வரப்புத் தகராற்றுக்கும், திருவிழாவில் நடந்த கைகலப்புக்கும் பத்துப் பேர் பெயரைச் சேர்த்து எழுதிவைப்பது நம் கிராமங்களில் புதிதல்ல.

இது வெறும் நட்சத்திரங்களின் பிரச்னையென்று எண்ணுகிறவர்கள் சடுகுடு ஆட்டக்காரனை நினைத்துப் பார்க்கவேண்டும். அவனுக்கு லட்ச ரூபாய் ஒப்பந்தம் கனவு. போலீஸ் உத்தியோகமே கைக்கெட்டும் பலன். தமிழ்நாட்டுப் போலீஸ் நியமன விதிகளின்படி, வழக்கில் விடுதலையானவன்கூட சந்தேகத்தின் பலனால் விடுதலையானவனாயிருந்தால், வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுகிறான். 2016ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், இளவயதில் நேர்ந்த அற்பக் குற்றத்தை உத்தியோகம் கொடுப்பவர் அதன் தன்மையறிந்து மன்னிக்கலாமென்று கூறியிருக்கின்றனர். அந்தத் தாராளம் எல்லா ஆபீஸ் மேஜைகளையும் எட்டிவிட்டதாக நாம் நம்பவில்லை. பொங்கல் பந்தயத்தில் கோப்பை வாங்கிய கையோடு, கிராமச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்ட பையன் உத்தியோகத்தையும் இழந்து, ஜில்லா அணியிலிருந்தும் தள்ளப்பட்டால், ஒரு குற்றத்துக்கு அவன் எத்தனை இடத்தில் அபராதம் கட்டுவது?

ஆட்டக்காரனிடம் இவ்வளவு கண்டிப்புக் காட்டும் சங்கங்கள் தம் நிர்வாகிகளிடம் எப்படி நடந்துகொள்கின்றன? 2023 ஜனவரியில் நமது மல்யுத்த வீராங்கனைகள் டில்லி வீதியில் வந்து உட்கார்ந்தது உலகறிந்தது. அவர்கள் குற்றஞ்சாட்டியது சம்மேளனத்தின் தலைவராயிருந்த ஸ்ரீ பிரிஜ் பூஷண் சரண் சிங்கை. அவர் குற்றத்தை மறுக்கிறார். சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுப்போன பிறகே, ஏப்ரல் 28ந் தேதி போலீஸார் வழக்குப் பதிவு செய்தார்கள். 2024 மே மாதத்தில் கோர்ட்டார் குற்றச்சாட்டுகளை வனைந்தனர். வயது வராத பெண் ஒருத்தியின் பேரில் தொடுக்கப்பட்டிருந்த தனி வழக்கு 2025 மே மாதத்தில் முடித்துவைக்கப்பட்டது. இவ்வழக்கின் உண்மையைப் பற்றி நாம் அபிப்பிராயம் கூறுவதற்கில்லை. ஆனால் ஆட்டக்காரன் ஒருவன்மீது புகார் வந்தால் ஒரே இரவில் விழித்துக்கொள்ளும் நிர்வாகம், தலைவர்மீது புகார் வந்தபோது பெண்கள் பல வாரம் தெருவில் கிடக்கும்படி விட்டதே! அணியைத் தேர்ந்தெடுப்பவரும், முகாமை நடத்துபவரும், சாப்பாட்டுச் சீட்டில் கையெழுத்திடுபவரும் வழக்கில் நிற்கும்போது விலகியிருப்பதே அதிக அவசியம். ஏனெனில் சாட்சி சொல்லவேண்டியவர்கள் அவர்கள் கையை எதிர்பார்த்திருப்பவர்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் ஒரு போர்டுக்கும் ஒரு தனித் தீர்ப்புமன்றத்துக்கும் இடம் வகுத்திருக்கிறது. அம்மன்றம் இவ்விரு அளவுகோலை ஒன்றாக்குமானால், அச்சட்டத்தினால் கைகண்ட பலன் கிடைத்ததென்று நாம் சொல்வோம்.

நியாயஸ்தலம் குற்றவாளியென்று தீர்த்தபின் லீக் தன் கதவை மூடலாம்; அதை எதிர்ப்பாரில்லை. அப்போதும் மூடும் காலத்துக்கு அளவு உண்டு. சிறையிலிருந்து வந்தவன் பந்தைத் தொடுவதே பாவமென்று சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம்.

தற்சமயம் வேண்டுவது சிறிய காரியம். தமிழ்நாட்டு லீக்குகளை நடத்துவோரும், சேலம் ஜில்லாச் சங்கங்களும், நிறுத்திவைக்கும் விதியை அடுத்த பந்தயகாலத்துக்கு முன் எழுதி வெளியிடவேண்டும். எந்தக் குற்றத்துக்கு, எத்தனை நாள், எவ்வளவு படி, யாரிடம் அப்பீல் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதைத் தமிழில் எழுதி, ஒப்பந்தத்தோடு சேர்த்து, எடப்பாடித் தறிக்காரரின் மகன் கையெழுத்திடும் முன்பு அவனும் அவன் தகப்பனாரும் படித்துப் பார்க்க ஒருநாள் அவகாசம் கொடுக்கட்டும்.