கொறங்காட்டில் புல் திட்டுத் திட்டாக முளைப்பது ஏன்?

கேள்வி: எங்களுக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. புல் அற்றுப்போனதால் போன ஐப்பசியில் உழுது, கொழுக்கட்டைப்புல் விதை வாங்கி விதைத்தோம். சில இடங்களில் நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக வந்தது. பாதிக் காடு மொட்டையாகக் கிடக்கிறது. அதில் பார்த்தீனியம் ஏறிவிட்டது. விதை கெட்டுப்போனது என்கிறார் என் மாமனார். இந்த மண் இனி புல்லுக்கு ஆகாது, மாடுகளை விற்றுவிட்டுச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு காங்கேயம் பசுக்களும் இருபது மேச்சேரி ஆடுகளும் இந்தக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன. இன்னொரு முறை விதைத்துப் பார்க்கலாமா?

– மூலனூர் பகுதி வாசகி

பதில்: விதைக்கலாம். ஆனால் போன முறை விதைத்த மாதிரியே விதைத்தால் போன முறை வந்த மாதிரியே வரும். முதலில் எங்கே தவறியது என்று பார்ப்போம்.

உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. விதை கெட்டிருந்தால் காடு முழுவதும் ஒரே மாதிரி மோசமாக முளைத்திருக்கும். சில இடங்களில் நாற்றங்கால் போல வந்திருக்கிறது என்றால், விதைக்கு உயிர் இருந்திருக்கிறது. மண்ணும் புல்லை ஏற்றுக்கொண்டிருக்கிறது. விதை சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை.

காட்டை ஒருமுறை சுற்றி வந்து புல் நெருக்கமாக இருக்கும் இடங்களைப் பாருங்கள். ஆள் நடந்த போக்கில் வரிவரியாக நெருக்கம் இருந்தால் அது கைவீச்சின் கோளாறு. வேலி ஓரமாக ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் காற்றின் வேலை. பள்ளத்திலும் வரப்பு ஓரத்திலும் குவிந்திருந்தால் மழைநீர் விதையை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. பெரும்பாலும் மூன்றும் கலந்துதான் இருக்கும்.

சோளமும் கம்பும் விதைத்துப் பழகிய கைக்கே கொழுக்கட்டைப்புல் ஏன் வசப்படுவதில்லை? சோளம் உருண்டையான, கனமான மணி. வீசினால் விரல்களுக்கு நடுவே வழுக்கிப் போய் விழும். கொழுக்கட்டைப்புல் விதையைச் சுற்றிச் சுணை இருக்கிறது. ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். பிடி விதையை வீசினால் பாதி பஞ்சு போல ஒரே இடத்தில் விழும், மீதி காற்றோடு போகும். இதே புல்லை ராஜஸ்தானில் அஞ்சன் புல் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பெரிய மேய்ச்சல் பண்ணைகளில் விதைக்கிறார்கள். அங்கே சாதாரண விதைப்புக் கருவியில் இது இறங்காமல் அடைத்துக்கொள்வதால், விதைக்கு மேல்பூச்சுக் கொடுத்து விற்கிறார்கள். ஆகவே இது உங்கள் வீட்டு ஆட்களின் குறை அல்ல. இந்த விதையின் குணமே அது.

விதைக்கு முன் செய்ய வேண்டியது

புதிதாக அறுத்த கொழுக்கட்டை விதை உடனே முளைக்காது. அதற்கு 6 முதல் 8 மாதம் வரை உறக்கக் காலம் உண்டு. போன ஐப்பசி, கார்த்திகையில் சேகரித்த விதை இந்தப் புரட்டாசிக்குத்தான் ஆகும். விதையைச் சாக்கில் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி வைக்க வேண்டாம். வாங்கும்போது எப்போது அறுத்தது என்று கேளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறை வெளியிட்ட கோ 1 நீலக் கொழுக்கட்டை நம் மானாவாரிக்கு ஏற்றது. அங்கு விசாரித்து, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று பார்த்தால் உங்கள் மாமனாருக்கும் ஒரு பதில் கிடைத்துவிடும். 30-க்கும் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்பிக் காட்டை உழ வேண்டாம்.

நான்கு ஏக்கரையும் ஒரே ஆண்டில் உழவும் வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு ஏக்கரை அடைத்து விதையுங்கள். மீதி இடத்தில் ஆடு, மாடு மேயட்டும். புரட்டாசிக்குள் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒன்பது கொழுக் கலப்பையால் சரிவுக்குக் குறுக்கே மேலாக ஓர் உழவு போதும். ரொட்டவேட்டர் விட்டு மாவாக்கினால் விதை ஆழத்தில் புதையும். ஒரு மழை பெய்து காய்ந்தால் மேல்மண் இறுகி முளையை வெளியே விடாது. நல்லபடியாக நிற்கும் பழைய புல் தூர்களையும் வெள்வேல மரத்தின் வேர்களையும் விட்டு உழுங்கள்.

மூட்டையை அல்ல, சென்ட்டைக் கணக்கிடுங்கள்

பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு 6 முதல் 8 கிலோ விதை. ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ வரும். அப்படியானால் ஒரு சென்ட்டுக்கு 30 கிராம்தான். விதை பார்வைக்கு நிறைய இருப்பது போலத் தெரிவதால், முதல் கால் ஏக்கரிலேயே பாதி மூட்டை தீர்ந்துவிடும். பிறகு மீதியை மிச்சம் பிடித்துப் பிடித்து விதைப்போம். காட்டின் ஒரு பக்கம் நாற்றங்காலாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் ஆவதற்கு இதுதான் முதல் காரணம்.

இதைத் தவிர்க்க வீட்டிலேயே விதையைப் பிரித்துக்கொண்டு போங்கள். ஏக்கருக்கு உரிய 3 கிலோவை 150 கிராம் வீதம் 20 பங்காகக் கட்டுங்கள். மளிகைக் கடைத் தராசு போதும். சதுரமான ஓர் ஏக்கர் பக்கத்துக்கு 209 அடி இருக்கும். அதை 21 அடி அகலத்தில் தென்வடலாகப் பத்துப் பட்டைகளாக முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுங்கள். காடு சதுரமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பட்டை ஒவ்வொன்றும் 10 சென்ட் வருமாறு அளந்துகொண்டால் சரி.

பத்துப் பங்கைத் தென்வடலாக, பட்டைக்கு ஒரு பங்கு வீதம் விதையுங்கள். பிறகு குச்சிகளைப் பிடுங்கி, கிழமேலாகப் பத்துப் பட்டை அடித்து மீதிப் பத்துப் பங்கை விதையுங்கள். ஒருவர் கை இடப்பக்கம் அதிகமாக வீசும், இன்னொருவர் கை நடுவில் கொட்டும். அதைத் திருத்த முடியாது. ஆனால் குறுக்கும் நெடுக்குமாக விதைத்தால் முதல் முறை விடுபட்ட இடத்தை இரண்டாம் முறை பெரும்பாலும் நிரப்பிவிடும். பட்டை முடியும் முன்பே விதை தீர்ந்துவிட்டால், கை கனத்துவிட்டது என்று பத்து சென்ட்டிலேயே தெரிந்துவிடும். மூட்டை தீர்ந்த பிறகு தெரிந்து பயனில்லை.

கலவையும் வீச்சும்

விதையைத் தனியாக வீசக் கூடாது. சலித்த மணல் அல்லது செம்மண் இரண்டு பங்கு, பொடித்த மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து வையுங்கள். 150 கிராம் விதைக்கு இந்தக் கலவை 3 கிலோ. முதலில் விதையைக் கசக்கிச் சிக்கெடுத்துக்கொள்ளுங்கள். கலவையில் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசிறுங்கள். புட்டு மாவுப் பதம் இருக்க வேண்டும். பிடித்தால் நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். காய்ந்த மணலில் கலந்தால் நடக்க நடக்கக் கூடை குலுங்கி, மணல் அடியில் தங்கி விதை மேலே வந்துவிடும். கடைசியில் வெறும் மணலைத்தான் வீசிக்கொண்டிருப்பீர்கள். ஈரப்பதம் இருந்தால் விதை மணலோடு ஒட்டிக்கொள்ளும், கனமும் கிடைக்கும். கலந்ததை அன்றே விதைத்துவிட வேண்டும்.

ஆடிக் காற்று அம்மியையே நகர்த்தும் என்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில்தான் நம் பகுதிக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தக் காற்றில் கொழுக்கட்டை விதையை வீசுவது வீண். புரட்டாசியில் காற்று அடங்கிய பின், விடியற்காலையில் விதையுங்கள். வெயில் ஏறிக் காற்று கிளம்பினால் நிறுத்திவிடுங்கள்.

பட்டையின் ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்புங்கள். இரண்டு எட்டுக்கு ஒரு வீச்சு. சின்னப் பிடியாக எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து பத்தடி அகலத்துக்குப் பரவும்படி வீசுங்கள். ஒரே ஆள் முழுக் காட்டையும் விதைப்பது நல்லது. ஆள் மாறினால் அளவும் மாறும்.

கை சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடலாம். களத்தில் ஒரு பழைய சேலையை விரித்து அதன் மேல் வீசிக்கொண்டே நடந்து பாருங்கள். சேலையின் இரு ஓரத்திலும் நடுவிலும் ஒரு சாண் சதுரத்தில் எத்தனை விதை விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஓரிடத்தில் இருபதும் இன்னோர் இடத்தில் இரண்டுமாக இருந்தால் வீச்சை மாற்றுங்கள். விதையை மறுபடி அள்ளிக்கொள்ளலாம், நட்டமில்லை.

விதைத்த பிறகு

விதை அரை அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. வேல முள் விளார்களைக் கட்டாகக் கட்டி, மேலே சிறு கல் வைத்து, விதைத்த நிலத்தில் ஒருமுறை இழுங்கள். அது விதையை மண்ணோடு சேர்க்கும். எறும்பு இழுத்துப் போவதும் குறையும். சரிவான இடத்தில் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு சால் குறுக்கே போட்டு வைத்தால் மழைநீர் விதையைப் பள்ளத்துக்கு அடித்துப் போகாது.

முளைத்து ஒரு மாதம் ஆனதும் எண்ணிப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளக் குச்சிகள் நான்கைச் சதுரமாகக் கட்டிக்கொண்டு, காட்டில் இருபது இடத்தில் போட்டு உள்ளே இருக்கும் தூர்களை எண்ணுங்கள். வரிசை நடவில் 50-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி என்பது பரிந்துரை. அந்தக் கணக்கில் சதுர மீட்டருக்கு 6 அல்லது 7 தூர் இருந்தாலே முழுக் காடு. நான்கு இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், அடுத்த ஆண்டு விழும் விதையில் நிரம்பிவிடும். ஒன்றும் இல்லாத இடங்களுக்கு மறுபடி விதை வாங்க வேண்டாம். நெருக்கமான இடத்திலிருந்து தூரைப் பிரித்து, கார்த்திகை மழை ஈரத்திலேயே நட்டுவிடுங்கள். இப்போது உங்கள் காட்டில் நாற்றங்கால் போல நிற்கிறதே, அந்தப் புல்லே இந்த ஆண்டு மொட்டை இடங்களுக்கு நாற்று.

முதல் ஆண்டு ஆடு, மாட்டை அவசரப்பட்டு விடாதீர்கள். 70, 75 நாளில் முதல் அறுவடைக்கு வரும் என்றாலும், மானாவாரியில் ஒருமுறை விதை கட்டி உதிர விட்ட பிறகு மேய்ப்பதுதான் நல்லது. ஒரு தூரைக் கையால் பிடித்து இழுங்கள். வேரோடு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். தழை மட்டும் அறுந்து வந்தால் மாடு மேயலாம். ஆட்டைக் கடைசியில் விடுங்கள். அது அடிவரை கடிக்கும்.

சோலார் குத்தகை பற்றி: அது உங்கள் குடும்பத்தின் முடிவு. பணத்தேவை எனக்குத் தெரியாது. ஆனால் திட்டுத் திட்டாக முளைத்த ஒரு விதைப்பை வைத்து, மண் ஆகாது என்று தீர்ப்பெழுத வேண்டாம். அப்படிப்பட்ட குத்தகை பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு நீளும். கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் போய்விட்டால், பிறகு நினைத்தாலும் பத்து ஆண்டில் கொண்டுவர முடியாது. கண்ணபுரம் சந்தையில் மாட்டை எந்த ஆண்டும் விற்கலாம். கொறங்காட்டை அப்படி வாங்க முடியாது. ஒரு ஏக்கரை இந்தப் புரட்டாசியில் அளந்து விதையுங்கள். செலவு 3 கிலோ விதையும் ஓர் உழவும் சில நாள் வேலையும்தான். கார்த்திகையில் எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எண்ணிக்கை என்ன வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

கேள்வி: கொழுக்கட்டைப்புல்லோடு முயல் மசால் சேர்த்து விதைக்கலாமா? இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடலாமா?

– வெள்ளகோவில் பகுதி வாசகர்

பதில்: சேர்த்து விதைப்பது மிகவும் நல்லது. புல்லில் குறைவாக உள்ள புரதம் முயல் மசாலில் கிடைக்கும். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்பது பரிந்துரை. ஆனால் ஒரே கூடையில் கலக்காதீர்கள். முயல் மசால் விதை சிறியது, வழவழப்பானது, அடியில் இறங்கிவிடும். புல்லை விதைத்து முடித்த பின், தனியாக மணலில் கலந்து தூவுங்கள். அதன் தோல் கடினமானது. கொதித்த தண்ணீர் மூன்று பங்கோடு பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ 80 டிகிரி வரும். அதில் விதையை 4 நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

கேள்வி: விதைத்து இருபது நாளாகியும் மழை இல்லை. விதை வீணாகிவிட்டதா?

– தாராபுரம் பகுதி வாசகர்

பதில்: மழையே இல்லையென்றால் பெரிய சேதமில்லை, காய்ந்த மண்ணில் கொழுக்கட்டை விதை காத்திருக்கும். ஒரு தூறல் போட்டு, முளை வந்து, பிறகு வெயில் காய்ந்தால்தான் ஆபத்து. அப்போதும் எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. பின்னால் வர ஒரு பங்கு மிச்சம் இருக்கும். நிலத்தை மறுபடி உழுதுவிடாதீர்கள். அடுத்த மழை பெய்து இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்து, இல்லாத இடத்தில் மட்டும் நிரப்புங்கள்.