எத்தனை மடங்கு ஜூம் என்று கேட்காதீர்கள்



முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கும் இரண்டு கேமராக்களில் நிக்கான் டி3100 என்னோடு இருக்கும். நிக்கான் பி900 வேறு வீட்டுக்குப் போகும். "டீச்சர், தலைகீழா சொல்றீங்க" என்று போனை எடுக்கப் போகிறவர்கள் முழுசாக வாசித்துவிட்டு எடுங்கள். வகுப்பிலும் நான் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கியவர்கள் நீங்கள்தான்.

போன வாரம் இரண்டையும் மேஜைமேல் வைத்துப் படம் எடுத்துப் போட்டு, எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தேன். ஏறக்குறைய எல்லோரும் பி900 என்றீர்கள். எல்லோருக்கும் ஒரே காரணம், 83 மடங்கு ஜூம். சிலர் கூடுதலாக, "இது 16 மெகாபிக்சல், அது 14தானே" என்றீர்கள். ஒருவர், பிளஸ் டூ இயற்பியலில் நல்ல மார்க் வாங்கியவர், பெயர் சொல்லமாட்டேன், "பழசைத் தூக்கிப் போடுங்க டீச்சர்" என்று எழுதியிருக்கிறார். அந்த மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மனைவி மட்டும், "எதுக்கு மதினி ஒண்ணக் குடுக்கணும், ரெண்டும் கிடக்கட்டுமே" என்றாள். கிடக்கட்டும் என்பதுதான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் கிடக்கிற லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி உள்ளே படர்ந்துவிட்டால் துணியால் துடைத்துப் போகாது. பேட்டரியும் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். கேமரா என்பது நகை இல்லை, பூட்டி வைத்து அழகு பார்க்க. வாரம் ஒருமுறையாவது வெளியே எடுக்கவேண்டும். 68 வயதில் இரண்டையும் அப்படி வைத்துப் பராமரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது அந்த 83-க்கு வருகிறேன். பி900 லென்ஸின் குறைந்தபட்சக் குவியத் தொலைவு 4.3 மி.மீ., அதிகபட்சம் 357 மி.மீ. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 83. அவ்வளவுதான் அந்த எண். படம் எப்படி வரும் என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என் டி3100-இல் மாட்டியிருக்கும் 35 மி.மீ. லென்ஸில் ஜூமே கிடையாது. முகம் கிட்டத்தில் வேண்டுமென்றால் நான்தான் இரண்டு எட்டு முன்னால் போகவேண்டும். முட்டிவலியோடும் அதைச் செய்யமுடிகிறது.

மெகாபிக்சல் சங்கதி இன்னும் வேடிக்கை. நாம் ஆல்பத்தில் ஒட்டுகிற 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் 1200-ஐ 1800-ஆல் பெருக்குங்கள். 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளி, அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். சுவரில் மாட்டுகிற 8-க்கு 12 என்றாலும் 9 மெகாபிக்சல் போதும். 14-ம் மிச்சம், 16-ம் மிச்சம். அந்த மிச்சத்தையும் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதுவே சுருக்கிவிடுகிறது. இதற்காகவா சண்டை?

கேட்கவேண்டிய கேள்வி வேறு. உள்ளே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது?

பழைய கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் இருக்கிறது. பி900-இன் சென்சார் சுமார் 6.2 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. அகலம். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராது. டி3100-இன் சென்சார் 23.1 மி.மீ., 15.4 மி.மீ., ஏறக்குறைய ஒரு தபால்தலை. பரப்பளவைப் போட்டுப் பாருங்கள், 12 மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும் என்று நான் இந்த வயதில் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதோடு லென்ஸின் வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி900-இல் அதிகபட்சத் திறப்பு எஃப் 2.8. அதுவும் ஜூம் செய்யாதபோதுதான். முழு ஜூமில் எஃப் 6.5 ஆகக் குறுகிவிடும். என் 35 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8. எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரியது, வெளிச்சம் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 2.8-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.4. சென்சாரின் 12 மடங்கோடு பெருக்குங்கள். ஒரே அறை, ஒரே ஷட்டர் வேகம், இதற்குள் விழும் வெளிச்சம் சுமார் 30 மடங்கு அதிகம். 83-ஐப் பற்றிப் பேசிய ஒருவர்கூட இந்த 30-ஐப் பற்றிப் பேசவில்லை.

வெளிச்சம் போதாதபோது கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அந்தப் புள்ளியை அழிக்கிறேன் என்று கேமராவே படத்தைத் தேய்த்துவிடும். புள்ளியோடு சேர்ந்து நரைமுடியின் இழையும், தோலின் சுருக்கமும், சேலையின் நெசவும் போய்விடும். அந்த அளவு சென்சாருக்கு அது இயல்பு. கம்பெனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பி900-இல் ரா ஃபைலும் கிடையாது. கேமரா தேய்த்துக் கொடுத்ததுதான் நமக்கு. டி3100-இல் ரா இருக்கிறது, எவ்வளவு தேய்ப்பது என்பதை நான் முடிவு செய்துகொள்ளலாம்.

எனக்கு ஏன் அறைக்குள் எடுக்கிற கேமரா வேண்டும்? வெயிலில் இரண்டும் நன்றாகத்தான் எடுக்கின்றன. ஆனால் நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தார்சாவைத் தாண்டினால் பட்டாசல். காலை 11 மணிக்கும் அங்கே ஒரு ட்யூப்லைட் எரியவேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதான். என் சித்திக்கு 88. "வாசலுக்கு வா சித்தி, ஒரு படம் எடுக்கேன்" என்றால், "எனக்கு எதுக்குடி போட்டோ" என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் உண்டு. அங்கே ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், ட்யூப்லைட் ஒரு பக்கம். கை ஓயாமல் இடிக்கிறது, தலை லேசாக ஆடுகிறது. ஷட்டர் மெதுவாகத் திறந்தால் கை கலங்கிப்போகும். வேகமாகத் திறந்தால் வெளிச்சம் போதாது. அந்த 30 மடங்கு உதவுகிற இடம் இதுதான்.

இதில் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கசப்பாகத்தான் இருக்கும். கடைசியாக நம் குடும்பத்தில் போன மூன்று பேரின் படத்துக்கு என்ன செய்தோம்? பெரிய அண்ணனுக்கு ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கினோம். கண் பாதி மூடியிருக்கிறது. மாமாவுக்குக் கல்யாண குரூப் போட்டோவில் இருந்து வெட்டினோம். பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டை இன்னும் ஓரத்தில் தெரிகிறது. சின்னத் தாத்தா ஆயுசுக்கும் சட்டையே போடாத மனுஷர், தோளில் துண்டுதான். அவருக்கு ஸ்டுடியோக்காரர் நீலக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அந்தக் கோட்டோடு ஊர் முழுக்க ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் நம் வீடுகளில் தலைக்கு ஒரு கேமரா போன் இருக்கிறது. என் 83 மடங்கு கேமராவும் அலமாரியில் இருந்தது.

"போனே போதுமே" என்று இங்கே ஒரு கட்சி இருக்கிறது. போனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து வெளிச்சமாக்கிவிடுகிறது, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பல போன்கள் கேட்காமலே முகத்தை வழவழப்பாக்குகின்றன. 88 வயது முகத்தில் சுருக்கத்தை எடுத்துவிட்டால் யாருடைய முகம் மிஞ்சும்? இன்னொன்று, போனில் எடுத்ததை யாராவது அச்சுப் போட்டீர்களா? போன் மாற்றும்போது அதோடு போய்விடுகிறது.

நிலாவுக்கு வருகிறேன். "பி900-இல் நிலா எடுங்க டீச்சர், பள்ளம் பள்ளமாத் தெரியும்" என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். தெரியும், எடுத்திருக்கிறேன், நன்றாகவே வருகிறது. ஆனால் நிலா தன்னைத்தானே சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரமும் பூமியைச் சுற்றும் நேரமும் ஒன்று. அதனால் நமக்கு எப்போதும் ஒரே முகம்தான். நீங்கள் எடுத்தாலும் நான் எடுத்தாலும் அதே டைக்கோ பள்ளம். அடுத்த பௌர்ணமிக்கும் அது அங்கேதான் இருக்கும். சித்தியைப் பற்றி அப்படிச் சொல்லமுடியுமா?

போகிறபோக்கில் ஒரு பாடமும் எடுத்துவிடுகிறேன், பழக்கதோஷம். விளிம்பு விளைவு நினைவிருக்கிறதா? வானம் ஏன் நீலம் என்பதற்குப் படித்தீர்களே, அதே ராலேதான் இங்கேயும். எஃப் 6.5 திறப்பில் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய, அவை சென்சாரில் சுமார் 4.4 மைக்ரான் தள்ளி விழவேண்டும். பி900-இன் ஒரு பிக்சல் அகலமோ 1.3 மைக்ரான் அளவுதான். அதாவது முழு ஜூமில் மூன்று பிக்சல்கள் சேர்ந்து ஒரு பிக்சலின் வேலையைச் செய்கின்றன. நீங்கள் பெருமையாகச் சொன்ன 16 மெகாபிக்சலை அந்த இடத்தில் ஒளியே ஏற்றுக்கொள்வதில்லை.

பறவைக்கு மட்டும் நான் தோற்றுப்போக ஒத்துக்கொள்கிறேன். கூந்தன்குளத்தில் செங்கால் நாரையையும் கூழைக்கடாவையும் தூரத்தில் நின்று, கூட்டைக் கலைக்காமல் எடுக்க பி900 மாதிரி வேறு எதுவும் நம் கைக்கு அடங்காது. டி3100-க்கு அவ்வளவு தூர லென்ஸ் வாங்கினால் என் பென்ஷன் சில மாதத்துக்குக் காலி. ஆனால் நான் வருஷத்துக்கு ஒருமுறை கூந்தன்குளம் போகிறேன். வாரத்துக்கு இரண்டுமுறை யாராவது ஒரு பெரியவரைப் பார்க்கப் போகிறேன்.

எடை விஷயத்தில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பி900 899 கிராம். "பெரிய கேமரா" என்று நீங்கள் சொல்கிற டி3100 பேட்டரியோடு 505 கிராம், 35 மி.மீ. லென்ஸ் 200 கிராம், சேர்த்து 705. என் தோள்பையில் எது கிளம்பும் என்று சொல்லவேண்டுமா?

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். "இந்த டி3100-க்கு ஒண்ணும் தேறாது மேடம், பழசு" என்றார். 2011-இல் அகவிலைப்படி நிலுவை வந்த கையோடு வாங்கியது, தேறாதுதான். விற்றால் என்ன கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதைக்கொண்டு நான் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யமுடியாது. (உங்களில் யாராவது பழைய டி3100 வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். அதன் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மோட்டார் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் கையால்தான் திருப்பவேண்டும்.)

பி900 நான் 2016-இல் ஓய்வு பெற்றபோது என் பழைய பிளஸ் டூ பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கித் தந்தது. அதனால் விற்கமாட்டேன். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். உங்களில் யார் வீட்டுப் பிள்ளையாவது நாங்குநேரிப் பக்கம் இருந்து, பறவை பார்க்கக் குளத்துக்குப் போகிற பிள்ளையாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். மார்க் எவ்வளவு என்று கேட்கமாட்டேன். எத்தனை பறவையை அடையாளம் தெரியும் என்று கேட்பேன். தைப்பொங்கலுக்கு முன் கொடுத்துவிடுகிறேன்.

பொங்கல் கழிந்ததும் டி3100-ஐ எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறேன். நம் குடும்பத்தில் 80 தாண்டியவர்கள் என் கணக்கில் ஏழு பேர். மாணவர்கள் வீட்டிலும் இருந்தால் சொல்லுங்கள், பஸ் போகிற ஊராக இருந்தால் போதும். காலை 9-லிருந்து 11-க்குள் வருவேன். ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். பவுடர் பூசவேண்டாம். தாத்தா துண்டோடு இருந்தால் துண்டோடு இருக்கட்டும். 8-க்கு 12 அளவில் அச்சுப் போட்டு, பத்து நாளில் அவர்கள் கையிலேயே கொடுப்பேன். காசு வேண்டாம். காபியில் மட்டும் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லுங்கள்.