ஊர் கொடுத்த வாக்கு

மாணவர்களே, புவி வெப்பமடைவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2015ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்றன. 2017ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று, அமெரிக்கா அதிலிருந்து விலகும் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். பாரிஸ் மக்களுக்காக அன்று, பிட்ஸ்பர்க் மக்களுக்காகவே தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் கூறினார். ஆனால் அந்தப் பிட்ஸ்பர்க்கின் மேயர் பில் பெடூட்டோ, தம் நகரம் ஒப்பந்தத்தின் வழியிலேயே நடக்கும் என்று உடனே அறிவித்தார்.

ஒரு நகரம் மட்டும் உலகின் வெப்பத்தைத் தணித்துவிட இயலாது என்பது உண்மையே. ஆயினும் ஊரின் முயற்சி வீணன்று. எஃகு ஆலைகள் நிறைந்திருந்த பிட்ஸ்பர்க்கில், நிலக்கரிப் புகையால் நண்பகலிலும் தெருவிளக்குகள் எரிந்த காலம் உண்டு. 1941ஆம் ஆண்டு அந்நகரமே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. நாடு தழுவிய தூய காற்றுச் சட்டம் 1963இல்தான் வந்தது. நாடு முடிவெடுக்கட்டும் என்று அவ்வூர் காத்திருக்கவில்லை.

தெருவிளக்கும் குப்பையும் உள்ளாட்சியின் பொறுப்புகள். நாட்டின் கொள்கை மாறினாலும் அவற்றைச் சீராக நடத்துவது ஊரின் கையிலேயே உள்ளது. நம்மில் பலருக்குச் சொந்த ஊர் வேறு, வாழும் ஊர் வேறு. எனினும் நாம் சுவாசிப்பது இவ்வூர்க் காற்றையே. ஆதலால் இவ்வூரைக் காக்கும் கடமை நமக்கும் உண்டு என்பதே என் கருத்து.